இரண்டு முறை கூப்பிட்டான்

"குருவே, ஐந்து மாதமாகிவிட்டது. இன்னும் என் கையில் இந்த அரிசி மூட்டைதான்."

ஷென் லான் ஈர விரிப்பை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. திரும்பினாலும் பார்க்கப்போவதில்லை. பிறவியிலேயே கண் தெரியாதவர்.

"மூட்டைக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்டார்.

"மூட்டைக்கு வலிக்காது, குருவே."

"அதனால்தான் உன்னிடம் அதைக் கொடுத்திருக்கிறேன்."

லுவோ யூஹெங் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் மூட்டையை அழுத்த ஆரம்பித்தான்.

அவனுக்கு இருபத்தாறு வயது. குருவுக்கு முப்பத்திரண்டு. ஷாங்காயில் ஒரு குறுகிய சந்துக்குள் இரண்டே அறை கொண்ட உடம்பு பிடித்துவிடும் நிலையம் அது. அங்கே வேலை செய்பவர்கள் எல்லாருமே பார்வையற்றவர்கள். கண் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒரு காலத்தில் அந்த ஊரில் அவன் முகம் பேருந்துகளின் பக்கவாட்டில் ஓடியது.

குய்சோ மலைப்பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவன். பதினாறு வயதில் பள்ளியை விட்டான். அம்மா அரிசி நூடுல்ஸ் கடையை மூடிவிட்டு ரயிலடி வரை அழுதுகொண்டே வந்தாள். அவன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டு உடனே தலையைக் குனிந்து செல்போனில் ஆட ஆரம்பித்துவிட்டான்.

கணினி விளையாட்டுதான் பிழைப்பு. ஐந்து பேர் ஓர் அணி. எதிரணியின் கோட்டையை இடித்தால் வெற்றி. தினம் பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு மணி நேரம் பயிற்சி. நிமிடத்துக்கு நானூறு தட்டு தட்டும் கை அவனுடையது. இருபது வயதில் தேசியக் கோப்பை. அரங்கத்தில் பன்னிரண்டாயிரம் பேர் எழுந்து நின்று அவன் பெயரைக் கத்தினார்கள்.

அந்த அணியில் அவனுக்குக் காவலாக ஆடியவன் பெய் லின். யூஹெங் அடிப்பான், பெய் லின் அடி வாங்குவான். யூஹெங்கின் ஆள் சாகும் நிலை வந்தால், பெய் லின் ஓரிடத்தில் கேடயத்தை இறக்கிவிட்டு "வா" என்பான். யூஹெங் ஒரு விசையைத் தட்டி அதற்குள் பாய்வான். அவ்வளவுதான் ஏற்பாடு. நான்கு வருடம் பிசகாமல் நடந்தது.

விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. பெய் லின் தூக்கத்தில்கூட "வா, வா" என்று உளறுவான்.

பிறகு, இருபத்திரண்டு வயதில், கை கெட்டது.

இடது மணிக்கட்டில் ஆரம்பித்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் திடீர் திடீரென்று மரத்துப்போகும். அப்போது அணிக்காரர்களுக்கு மதியம்தோறும் பிடித்துவிட வந்துகொண்டிருந்தவர் ஷென் லான். இறுதிப் போட்டிக்கு ஆறு நாள் முன்பு அவன் மணிக்கட்டைத் தொட்டவர், கையை எடுக்காமலே சொன்னார்:

"நரம்பு நசுங்கியிருக்கிறது. ஐந்து ஆட்டம் தாங்காது."

"யாரிடமும் சொல்லாதீர்கள். வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்."

"உன்னோடு ஆடுபவர்களிடம் நீயாவது சொல்."

"சொல்கிறேன்."

சொல்லவில்லை.

இறுதிப் போட்டியின் ஐந்தாவது ஆட்டம். முப்பத்தோராவது நிமிடம். எதிரிகள் நால்வர் யூஹெங்கைச் சூழ்ந்தார்கள். கேடயம் இறங்கியது. யூஹெங் விரலை அழுத்தினான். விரல் அசையவில்லை. அந்த விரல் தன்னுடையதே இல்லை என்பதுபோல விசைமேல் கிடந்தது.

பெரிய திரையில் பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்தது? பத்தடி தள்ளி, ஆளே இல்லாத இடத்தில் ஒரு கேடயம் மினுங்கியது. அதற்கு வெளியே யூஹெங்கின் ஆள் செத்து விழுந்தான். கோட்டையும் விழுந்தது.

நிருபர்கள் கேட்டார்கள்: "பெய் லின் ஏன் கேடயத்தை அங்கே போட்டார்?"

யூஹெங் கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தான்.

"எனக்கும் புரியவில்லை. அவன் கூப்பிட்டது என் காதில் விழவில்லை."

பக்கத்தில் பெய் லின் உட்கார்ந்திருந்தான். சட்டென்று திரும்பி யூஹெங்கைப் பார்த்தான். பிறகு ஒலிவாங்கியின் முன்னால் குனிந்து, "என் தவறாக இருக்கும்," என்றான்.

அதற்கப்புறம் நாடே அவன்மேல் பாய்ந்தது. விலைபோனவன் என்றார்கள். அவன் வீட்டு முகவரியைக் கண்டுபிடித்து இணையத்தில் போட்டார்கள். இரண்டே மாதத்தில் அணி அவனை அனுப்பியது. எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. யூஹெங்கும் கேட்கவில்லை.

யூஹெங் இன்னும் இரண்டு வருடம் ஆடினான். வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஒரு வருடம், மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சில் ஒரு வருடம். இருபத்துநான்கில் ஓய்வு. அப்புறம் வீட்டிலிருந்து நேரலையில் ஆடிக் காட்டினான். முதலில் லட்சம் பேர் பார்த்தார்கள். கை மெதுவானதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதற்கும் ஆளில்லை.

அப்படி ஒரு நாள் ஷென் லானின் கதவைத் தட்டினான்.

"கையால் செய்கிற வேலை வேறெதுவும் எனக்குத் தெரியாது. கற்றுக்கொடுங்கள்."

அவர் அவன் இடது கையை வாங்கி, மணிக்கட்டை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

"விரல் ஓடாது. ஆனால் அழுத்தும். வா."

அதுதான் ஐந்து மாதத்துக் கதை.

தொடக்கத்தில் ஒரு முறை, அவர் தன் முன்கையையே நீட்டி, "என்ன தெரிகிறது?" என்று கேட்டார்.

தொட்ட உடனே யூஹெங் சொன்னான்: "இங்கே இறுகியிருக்கிறது."

"இன்னும் நான் கையைத் தளர்த்தவே இல்லை. கேள்வி வருவதற்குள் பதிலா?"

அன்றைக்கு வந்ததுதான் அரிசி மூட்டை.

பிளம் பழம் பழுக்கும் காலத்து அடைமழை வந்தது. சந்து முழுக்கப் பாசி வாடை. விரிப்புகள் காயவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை யூஹெங் அழுக்கு விரிப்புகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குக் கிளம்பினான். மாதத்தின் முதல் செவ்வாய் என்றால் அவனுக்கு அதுதான் வேலை. காலை முழுக்கப் பின்கட்டில் துவைக்க வேண்டும்.

"கூடையைக் கீழே வை," என்றார் ஷென் லான். "பத்து மணிக்கு ஒருவர் வருவார். இன்றைக்கு நீ செய்."

"நானா?"

"கழுத்திலிருந்து தொடங்கு. இடது தோள், பிறகு வலது. பேசாதே."

"யார் அவர்?"

"மூட்டை இல்லை."

பத்து மணிக்குக் கதவு திறந்தது. யூஹெங் உள்ளறையில் எண்ணெயைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தான். முன்னறையில் ஈரமான மழைக்கோட்டு உதறும் சத்தம் கேட்டது. குரு யாரிடமோ, "இன்றைக்கு என் மாணவர் செய்வார், படுத்துக்கொள்ளுங்கள்," என்று சொல்வதும் கேட்டது.

அவன் முன்னறைக்குப் போனபோது, வந்தவர் கட்டிலில் குப்புறப் படுத்து, முகத்துக்கென்று விட்டிருக்கும் ஓட்டையில் முகத்தைப் புதைத்திருந்தார். நாற்காலியில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்களின் மஞ்சள் சட்டை. தரையில் தலைக்கவசம். அதிலிருந்து நீர் சொட்டியது.

யூஹெங் கழுத்தில் கை வைத்தான்.

முதல் தடவையாக ஓர் உடம்பு. சூடாக இருந்தது. கைக்குக் கீழே மூச்சு ஏறி இறங்கியது. அவன் பொறுத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் இடது தோள்பட்டைக்கு அடியில், பாக்கு அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. கட்டைவிரலால் அழுத்தினான்.

"ஆ… அதேதான்," என்றார் படுத்திருந்தவர். "வண்டி ஓட்டி ஓட்டி வந்தது. அதற்கு முன்னாலும் இருந்தது."

யூஹெங்கின் கை அப்படியே நின்றது.

அந்தக் குரலோடு நான்கு வருடம் ஒரே அறையில் தூங்கியிருக்கிறான்.

வாசற்படியில் நின்ற குரு தொண்டையைச் செருமினார். யூஹெங் கையை மறுபடி நகர்த்தினான்.

"நீங்கள் புதியவரா?" என்றான் பெய் லின். "நல்ல கை. பேசமாட்டீர்களோ? பரவாயில்லை. மாதம் ஒரு முறை இங்கே வருவதே அதற்குத்தான். வெளியே யாராவது முகத்தை உற்றுப் பார்த்தால் இன்னும் தலைக்கவசத்தை இறக்கிக்கொள்வேன். இங்கே உங்கள் யாருக்கும் என் முகம் தெரியாது."

யூஹெங் அழுத்தினான்.

"நான் முன்பு விளையாட்டுக்காரன். நம்பமாட்டீர்கள். இறுதிப் போட்டியெல்லாம் ஆடியிருக்கிறேன். என்னால்தான் தோற்றது."

ஓட்டைக்குக் கீழே தரையைப் பார்த்தே பேசினான். குரலில் அழுகை இல்லை. பல முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

"கூட ஆடியவனை நான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவன் வந்திருப்பான். அவன் எப்போதும் வருவான். கூப்பிட்டேனா, மனசுக்குள் கூப்பிட்டுவிட்டு வெளியே கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டேனா… இதோ, நாலு வருஷமாகிறது. தெரியவில்லை. அவனுக்குக் கேட்கவில்லை என்று சொன்னான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை."

மழை கூரைத் தகட்டில் இரைந்தது.

"அப்பா ஊரில் எனக்காகச் சிவப்புத் துணியில் பெயர் எழுதித் தெருவில் கட்டியிருந்தார். அன்றைக்கே அவிழ்த்துவிட்டார். அப்புறம் என்னோடு பேசவில்லை. இந்த வசந்தத்தில் நுரையீரலில் நோய் வந்து படுத்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'ஏண்டா அங்கே போட்டாய்?' எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் போய்விட்டார்."

யூஹெங் இரண்டு கைகளையும் அந்த முதுகின்மேல் விரித்து வைத்தான். எடுக்க முடியவில்லை.

"நீ கூப்பிட்டாய்," என்றான்.

கைகளுக்குக் கீழே மூச்சு நின்றது.

"இரண்டு முறை கூப்பிட்டாய். 'வா' என்றாய். பிறகு என் பெயரைச் சொல்லி 'வா' என்றாய். எனக்குக் கேட்டது. கேடயம் சரியான இடத்தில்தான் இருந்தது. என் விரல் மரத்துப்போயிருந்தது. அது மரத்துப்போகும் என்று ஆறு நாள் முன்பே எனக்குத் தெரியும்."

பெய் லின் அசையவில்லை. ஓட்டைக்குள்ளிருந்தே கேட்டான்:

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"பயம்."

"எதற்கு?"

"உனக்கு நடந்தது எனக்கு நடந்துவிடும் என்று."

பெய் லின் எழுந்து உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். முன்நெற்றியில் முடி உதிர்ந்திருந்தது. யூஹெங்கின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இடது கையை மட்டும், தெருவில் கிடக்கும் எதையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"அப்பாவிடம் போய்ச் சொல்வாயா?"

யூஹெங் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

பெய் லின் சட்டையை மாட்டினான். பொத்தான் துளை மாறி விழுந்தது. அதைச் சரிசெய்யாமலே தலைக்கவசத்தை எடுத்தான். வாசற்படியில் ஷென் லான் ஒதுங்கி வழிவிட்டார். அவருக்கு மட்டும் லேசாகத் தலைகுனிந்துவிட்டு மழைக்குள் போனான்.

யூஹெங் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். விரிப்பில் உடம்பின் ஈரம் அச்சாகப் பதிந்திருந்தது.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்," என்றான்.

"உன் மணிக்கட்டு தெரியும். அவர் தோள் தெரியும். நடுவில் இருந்ததை இப்போதுதான் கேட்டேன்."

"என்னை அவன் மன்னிக்கமாட்டான்."

ஷென் லான் மழைச் சத்தத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நான் என்ன செய்ய, குருவே?"

அவர் கட்டிலுக்கு வந்தார். விரிப்பின்மேல் கையால் தடவி, ஈரம் இருந்த இடத்தில் நிறுத்தினார்.

"எந்தத் தோளை முடித்தாய்?"

"இடது."

"வலது பாக்கி இருக்கிறது. இங்கே ஏன் நிற்கிறாய்?"