முந்தானைக்குள் கிளி

டெல்சிக்கு வயது இருபத்தாறு. தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில், ரவிக்கையில் பூப்போடுகிற ஆரி வேலை சொல்லிக்கொடுத்தாள். படிக்கப் போன எங்கள் ஏழு பேரில் அவளைவிடச் சின்னவள் ஒருத்தியும் கிடையாது. அவள் எங்களை அக்கா என்பாள். நாங்கள் அவளை டீச்சர் என்போம். எழுதும்போது அவள் இவள் என்று வருகிறது, நேரில் வாங்க போங்கதான்.

சும்மா சொல்லக்கூடாது, உடுத்தத் தெரிந்த பிள்ளை. ஒருநாள் லுங்கித் துணியில் குர்தா தைத்துப் போட்டுக்கொண்டு வருவாள். மறுநாள் சட்டைப் பொத்தான்களைக் கோத்துக் கம்மல். அடுத்த நாள் தோளில் ஒரு கறுப்புப் பை தொங்கும். எட்டுத் துண்டு சேர்த்துத் தைத்த பை, அடியில் எட்டும் ஒரு புள்ளியில் வந்து முடியும். நாங்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்ப்போம். கடையில் தொங்கினதைத் தொங்கினபடி வாங்கி உடுத்திப் பழகின கூட்டம் நாங்கள்.

அதிலும் கனியக்கா பார்க்கிற பார்வை வேறு. சண்முகக்கனி என்று முழுப்பேர். வயது முப்பத்தெட்டு. இந்த வயசில் ஊசி பிடிக்கப் போகிறாளாம் என்று அவள் வீட்டுக்காரர் கூட்டாளிகள் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதை அவளே எங்களிடம் சொன்னாள், சொல்லும்போது அவளும் சிரித்தாள். கை சுத்தமான கை. தையல் ஒன்றுபோல விழும். ஆனால் சொந்தமாக ஒரு பூக்கொடி வரையச் சொன்னால் போதும், சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் எங்களைக் கட்பீஸ் கடைக்குக் கூட்டிப்போனாள். துண்டுத் துணிகளை இடுப்பு உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். நாங்கள் மேலே பளபளத்ததை எல்லாம் இழுத்தோம். டீச்சர் குனிந்து அடியில் கிடந்ததை இழுத்தாள். சாயம் மங்கின திரைச்சீலைக் கரை ஒன்று, பள்ளிக்கூடச் சீருடைத் துண்டு ஒன்று. ஒவ்வொன்றையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள், பிறகு மடித்து வைத்தாள்.

அங்கே வைத்துத்தான் கனியக்கா கேட்டாள்.

"உங்களுக்கு மட்டும் இதெல்லாம் எங்கருந்து டீச்சர் தோணுது? இந்தப் பையையே எடுத்துக்கோங்க. இது எப்படித் தோணுச்சு?"

டீச்சர் கிளறுவதை நிறுத்தவில்லை.

"எங்கப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல குடை ரிப்பேர் பண்றவரு. ஸ்கூல்ல நான் அப்பாவுக்கு ஹார்பர்ல வேலைன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒன்பதாவது படிக்கையில அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருக்கேன், கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி குடையத் தூக்கிட்டு வாரா. நான் கிழிஞ்ச கறுப்புக் குடைத்துணி மூட்டைக்குப் பின்னால போய் உக்காந்துக்கிட்டேன். அவ போக அரை மணி நேரம் ஆச்சு."

"பிறகு?"

"பிறகு என்னக்கா. அந்தத் துணிய அன்னைக்குத்தான் கிட்டக்கப் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கனியக்காவுக்குத் திருப்தி இல்லை. திரும்பி வரும்போது என்னிடம் முணுமுணுத்தாள். பையைக் கேட்டால் பிள்ளை அப்பா கதையைச் சொல்லுகிறது, தொழில் ரகசியத்தை யார்தான் சொல்லுவா என்றாள். நானும் ஆமாம் போட்டேன்.

அடுத்த மாசம் கனியக்காவுக்கு முதல் ஆர்டர் வந்தது. எதிர்வீட்டு ஈஸ்வரிக்குக் கல்யாணம், முகூர்த்தச் சேலைக்கு ரவிக்கை. ஈஸ்வரியின் அம்மா துணியைக் கொடுத்துவிட்டு, வேறு யாரிடமும் இல்லாத மாதிரி போட்டுக் கொடு தாயி என்று சொல்லிப் போய்விட்டாள். இது நன்றாக வந்தால் தெருவே கனியக்காவைத் தேடி வரும். கெட்டால் வீட்டுக்காரர் சிரித்தது சரி என்று ஆகிவிடும், ஊசியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேறு யாரிடமும் இல்லாதது கனியக்காவிடமும் இல்லை. ஒரு வாரம் சாக்பீஸோடு உட்கார்ந்து பார்த்தாள். அழித்த தடம்தான் மிச்சம்.

டீச்சரிடம் இருந்தது. ஒரு டாக்டரம்மாவுக்காக டீச்சர் தானே வரைந்த கிளி. வலது கையில், தோளை ஒட்டி ஒரே ஒரு கிளி உட்கார்ந்திருக்கும், வால் மட்டும் கைவழியே கீழே இறங்கும். மற்றக் கை வெறுங்கை. டாக்டரம்மா அளவு பார்க்க வந்தவள், சுடிதார் பேண்ட்டுக்கு மேலே ரவிக்கையை மட்டும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றாள். டீச்சர் கொக்கி எடுக்க உள்ளே போனாள். கனியக்கா செல்போனைத் தூக்கினாள். ஆளைப் பார்த்து எடுத்தால் தெரிந்துவிடும் என்று கண்ணாடியில் தெரிந்ததை எடுத்தாள்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் ஊசியில் நூல் கோத்தேன். என் போனிலும் அப்படி நாலு படம் இருந்தது, எந்த வாயால் கேட்பது?

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் ஈஸ்வரி அந்த ரவிக்கையைப் போட்டுச் சேலை கட்டிப் பார்த்தாள். முந்தானையை மடித்து இடது தோளில் பின் குத்தினதும் கிளியைக் காணோம். படத்தில் இடது கையில் இருந்த மாதிரி தெரிந்ததால் கனியக்காவும் அதை இடது கையிலேயே உட்கார்த்தியிருந்தாள். கண்ணாடி வலதை இடதாக்கிக் காட்டும் என்ற நினைப்பு அவளுக்கு வரவே இல்லை. இருபது வருசமாகச் சேலை கட்டுகிறவளுக்கு முந்தானை எந்தத் தோள் என்று தெரியாதா? தெரியும். காப்பி அடிக்கிற கைக்குத்தான் தெரியவில்லை. முந்தானைக்கு அடியில் பச்சையாக வால் நுனி மட்டும் ஒரு விரல் நீளம் தெரிந்தது. பார்க்கிறவர்கள் கண்ணில் படுகிற வலது கை மொட்டையாகக் கிடந்தது.

என்னக்கா இப்படி என்று மட்டும் ஈஸ்வரி கேட்டாளாம். அவள் அம்மா ஒன்றுமே சொல்லவில்லையாம். அந்தச் சொல்லாததுதான் தாங்கவில்லை என்று கனியக்கா பிறகு சொன்னாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, வாய்விட்டு அழவும் வழியில்லை. சரிபண்ணித் தாரேன் என்று ரவிக்கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை வகுப்புக்கு வந்தாள். ரவிக்கையை டீச்சர் முன்னால் வைத்தாள். ஞாபகமறதியாக வலதுக்குப் பதிலாக இடதில் போட்டுவிட்டேன் என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

டீச்சர் ரவிக்கையை மடியில் விரித்தாள். கிளியின் மூக்கைத் தடவினாள். கழுத்தில் ஒற்றை வரியாக ஓடிய மஞ்சள் வளையத்தைத் தடவினாள். அவள் வரைந்த வளையம் அது, கிளிக்கு அப்படி மஞ்சள் வளையம் ஊரில் வேறு யாரும் போட்டதில்லை. பிறகு சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கண்ணாடியில பாத்து எடுத்தீங்களாக்கா?"

மற்ற ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். கனியக்காவின் காது மடல் சிவந்துபோனது. 

"ஆமா டீச்சர்."

அவளுக்கு அப்போது தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடாதா என்று இருந்ததாம். எனக்கும்தான் இருந்தது. தன்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னப் பிள்ளை முன்னால் களவாணியாக நிற்பது லேசுப்பட்டதா? பிரித்துவிடட்டுமா என்று கேட்டாள். பட்டில் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும் என்றாள் டீச்சர். திட்டவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து அந்தக் கிளியின் டிரேசிங் தாளை எடுத்தாள். கோடு நெடுக ஊசியால் குத்தி ஓட்டை போட்ட தாள். அதைத் துணிமேல் வைத்துப் பவுடரைத் தேய்த்தால் போதும், கிளி அச்சாக இறங்கிவிடும். எங்கள் தொழிலில் அதைக் கூடப்பிறந்த தங்கச்சிக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள். டீச்சர் அதைக் கனியக்கா கையில் வைத்தாள்.

"வலது கையில இன்னொண்ணு போட்டுருங்க. ஜோடியா வச்ச மாதிரி இருக்கும். யாருக்கும் தெரியாது."

கன்னத்தில் அறைந்திருந்தாலும் தேவலை. கனியக்கா தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே போவது என்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் கட்பீஸ் மூட்டை கிடந்தது. அதற்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மூட்டைக்கு வெளியே அவள் சேலைத் தலைப்பு மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

நான் எழுந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மத்தியானம் ஆயிற்று. டிபன் பாக்ஸைத் திறந்தோம். கனியக்கா வரவில்லை. நடுவில் இரண்டு முறை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மூட்டைக்குமேல் எட்டிப் பார்த்தேன். ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கிளியைப் பார்த்தபடி இருந்தாள். தலைப்பை இழுத்து அதன்மேல் மூடினாள், விலக்கினாள், மறுபடி மூடினாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

சோறு தின்று கை கழுவின பிறகு அவள் குரல் வந்தது. அழுது கட்டின குரல்.

"டீச்சர், சிவப்பு நூல் இருக்கா?"

"என்ன சிவப்பு?"

"கோவைப்பழச் சிவப்பு."

டீச்சர் டப்பாவைக் கிளறி ஒரு நூல்கண்டை எடுத்துத் தூக்கிப்போட்டாள். கனியக்கா வெளியே வந்தாள். டிரேசிங் தாளை மடிக்காமல் அப்படியே மேசையில் வைத்தாள். ரவிக்கையின் வலது கையை மட்டும் தையல் பிரித்தாள், ஃபிரேமில் இழுத்துக் கட்டினாள், சாக்பீஸை எடுத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வரைந்தாள். முதல்முறையாக அவள் கை துணியில் தானாக ஒரு கோடு போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

ஒரு கோவைப்பழம். கோணல்தான், ஒரு பக்கம் கொஞ்சம் வீங்கினாற்போல இருந்தது. நுனியில் கால்வாசியைக் காணோம். அந்த ஓரம் பிய்ந்து பிய்ந்து நின்றது, உள்ளே நாலு விதை வெள்ளையாகத் தெரிந்தது. காம்பும் ஒரே ஒரு இலையும், வேறொன்றும் இல்லை.

என் வாய் சும்மா இருக்காது. முகூர்த்தச் சேலைக்குப் போய் யாராவது பாதிப் பழத்தைப் போடுவார்களா என்று கேட்டேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை.

"மீதியத் தின்னுட்டுத்தானே அங்க ஒளிஞ்சிருக்கு."

 டீச்சர் தன் ஃபிரேமைப் பார்த்தபடியே இருந்தாள். மூன்று நாள் பகலும் கனியக்கா அங்கேயே உட்கார்ந்து அந்தப் பழத்தை முடித்தாள். 

கல்யாணத்துக்கு எல்லாரும் போனோம். மாலை மாற்றி முடிந்து பெண்கள் ஈஸ்வரியைச் சுற்றிக்கொண்டார்கள். பழத்தை யாருடி கொத்தினது என்று ஒருத்தி கேட்டாள். ஈஸ்வரி சிரித்துக்கொண்டே இடது தோளைத் திருப்பினாள். முந்தானைக்கு அடியில் வால் நுனி. முந்தானை ஓரத்தைச் சற்றே தூக்கிக் காட்டினாள், வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது கிளி. மண்டபமே சிரித்தது. கிழவிகள் எழுந்து வந்து முந்தானையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஈஸ்வரியின் அம்மா எல்லாரிடமும் எதிர்வீட்டைக் கைகாட்டினாள். ஆம்பிளைகள் பக்கம் கனியக்கா வீட்டுக்காரர், எங்க வீட்ல போட்டதுதான் என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யார் யோசனை இது, எங்கே பார்த்துப் போட்டாய் என்று கனியக்காவைத் தேடினார்கள். அவள் பந்தியில் உட்காரவில்லை. பின்வாசல் வழியே போய்விட்டாள். நான் பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட்டேன், நடையை எட்டிப்போட்டாளே தவிரத் திரும்பவில்லை. ஊரே மெச்சுகிற அன்றைக்கு ஒருத்தி அப்படிக் குன்றிப்போய் நடந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தாள். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. டீச்சர் ஃபிரேமுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் நல்லாருக்குங்காங்க டீச்சர். அஞ்சு பேரு இதே மாதிரி வேணும்ங்காங்க. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு. யாரு யோசனைன்னு கேக்காங்க, முகத்தைப் பாக்க முடியல. நான் என்ன சொல்லட்டும்?"

டீச்சர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"கிளி டெல்சிதுன்னு சொல்லுங்க. பழம் என்னுதுன்னு சொல்லுங்க. ஒண்ணச் சொல்லிட்டு இன்னொண்ண முழுங்கிறாதீங்கக்கா."