பாலத்தில் நின்ற சவ ஊர்வலம்

வெள்ளைக்காரர் குடியிருப்பும் சீனர் தெருக்களும் ஒரு கால்வாயால் பிரிந்து கிடந்த துறைமுக நகரம் அது. கால்வாய்ப் பாலத்தின் நடுவில், சவப்பெட்டிக்குள், தெலுவின் மனைவி ருயின் காத்துக் கிடந்தாள். எந்த வாத்தியம் முன்னால் போவது என்று சண்டை.

தெலு வெள்ளைக்காரர் பாண்டு குழுவில் டிரம்பெட் ஊதுகிறவன். பளபளக்கும் பித்தான் வைத்த சட்டையோடு தன் ஆட்களைக் கூட்டி வந்திருந்தான். அவன் மாமியாரோ மகளின் பிறந்த வீட்டு முறைப்படி சுவோனா குழுவை அழைத்திருந்தாள். சுவோனா நம் நாகஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அது முன்னால் போனால்தான் அங்கே சாவுக்கு மரியாதை.

சுவோனா குழுத் தலைவர் சியு, ஒரு காலத்தில் தெலுவின் குரு. அவரை உதறிவிட்டுத்தான் தெலு டிரம்பெட்டுக்குப் போனான். இப்போது இருவருக்குமே தலை நரைத்துவிட்டது.

இரண்டு குழுவும் ஒன்றை ஒன்று அமுக்கப் பார்த்து ஊதின. சுருதி ஒட்டவே இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் யார் ஜெயிப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். செத்தவளுக்கென்ன, எவ்வளவு நேரமானாலும் கிடப்பாள்.

பாண்டுக்காரர்கள் மூச்சு வாங்க ஊதுவதை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சுவோனாக்காரருக்கு அது தேவையில்லை. கன்னத்தில் அடக்கிய காற்றை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பார். சியு ஓயவே இல்லை. தெலு கடைசியில் தன் ஆட்களை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரிடம் போனான்.

"குருவே, அவளுக்கு இரண்டும் பிடிக்கும். பாத்திரம் கழுவும்போது என் டிரம்பெட் பாட்டை உங்கள் மெட்டில் முணுமுணுப்பாள். இரண்டும் சேர்ந்து போக ஒரு வழி சொல்லுங்கள்."

சியு சுவோனாவின் சீவாளியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். தன் ஆட்களுக்குக் கை காட்டினார். மேளமும் நின்றது.

"நீங்கள் தோற்றுவிட்டதாகப் பேசுவார்களே, குருவே."

"பேசட்டும். காதைக் கொடு."

"ஒன்றும் கேட்கவில்லையே."

"கேட்கும்."

பெட்டிக்கு அந்தப் பக்கம் மாமியார் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். காலையிலிருந்தே அழுதிருக்கிறாள். தொண்டை கட்டிப்போய், குரல் ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. தெலுவின் காதில் அது இப்போதுதான் விழுந்தது. வெட்கமாக இருந்தது. ருயின் இனி இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"மாமியாரிடம் நான் என்ன சொல்வேன், குருவே?"

"ஒன்றும் சொல்லாதே. அவள் அழுகிற சுருதியைப் பிடி. நானும் அதையே பிடிக்கிறேன்."

தெலு டிரம்பெட்டை உதட்டில் வைத்தான். ஊத முடியவில்லை. தேம்பல்தான் வந்தது. டிரம்பெட்டைக் கீழே இறக்கப் போனான்.

சியு அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதுதான். விடாதே. நாங்கள் கூட வருகிறோம்."