பத்து மாதப் பரஸ்தானம்

"குருவம்மா, போகலாமா, வேண்டாமா?"

தாயுமானவன் கேட்டார்.

குருவம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது எத்தனாவது வெள்ளிக்கிழமை சார்?"

"நாப்பத்து மூணு."

"கேள்வி?"

"அதேதான்."

குருவம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

*

தாயுமானவனுக்கு அறுபத்தொரு வயது. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது.

குருவம்மாவுக்கு நாற்பத்திரண்டு. பெயர் மரகதம். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டுக் கொள்ளிடக்கரையில் ஒரு ஓட்டு வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். காவி கிடையாது, மடம் கிடையாது, உண்டியல் கிடையாது. யார் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டார் என்று மட்டும் பெயர் பரவியது. அது போதாதா? ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் ஒன்றிரண்டு தடவையோடு நின்றுபோனார்கள். விடாமல் வந்தவர் ஒருத்தர்தான். சீடர் என்று சொன்னால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய கேள்வி வியட்நாம்.

அங்கே கடலோரமாக ஒரு சின்ன ஊர். தெருமுனைக்குப் போனால் அலை. மாடியில் வீடு, பால்கனி, கீழே வீட்டுக்கார அம்மா போட்ட கீரைப்பாத்தி. உறையூரில் கொடுக்கிற வாடகையில் பாதிதான். பென்ஷனில் ராஜா மாதிரி இருக்கலாம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறலாம். பெயர் தெரியாத பழத்தை வாங்கி, எந்தப் பக்கம் உரிப்பது என்று தெரியாமல் முழிக்கலாம்.

இருபத்தெட்டு வருஷம் ஒரே தெருவில், ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி பல் தேய்த்த மனிதர் அவர். முழிப்பதற்கு ஏங்கிப்போயிருந்தார்.

அவர் மனைவி செண்பகத்துக்கும் சம்மதம். தினமும் சாயங்காலம் காபியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அந்த ஊர்ப் படங்களைப் பார்ப்பார்கள். இந்தத் தெருவில் நடப்போம், இந்தக் கடையில் சாப்பிடுவோம், இந்தப் படகில் நீ ஏறுவாயா, நீங்க ஏறுவீங்களா. காபி ஆறி ஏடு படிந்துவிடும்.

ஆனால் போகவில்லை.

பை மட்டும் போயிருந்தது.

*

பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கிளம்ப நல்ல நாள் வாய்த்துவிட்டது, நமக்குத்தான் அன்றைக்குக் கிளம்ப முடியவில்லை என்றால், பையை மட்டும் கிளப்பி வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி. அப்புறம் ஆள் போகும்போது அங்கிருந்தே பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது திரும்பித் தன் வீட்டு வாசல்படியைத் தாண்டிவிட்டால் பயணம் ரத்து.

இரண்டு நாள், மூன்று நாளுக்காகப் பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு இது.

தாயுமானவன் தை மாதம் ஒரு நல்ல நாளில் தன் பச்சைப் பையைக் கொண்டுவந்து குருவம்மா வீட்டில் வைத்தார். இப்போது கார்த்திகை.

வெள்ளிக்கிழமை தோறும் வருவார். மூலையில் இருக்கும் பையைத் தொட்டுப் பார்ப்பார். தூசி தட்டுவார். கேள்வி கேட்பார். பாதிப் பயணம் முடிந்த நிம்மதியோடு டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்.

குருவம்மாவும் பதில் சொல்லாமல் இல்லை. ஒரு வாரம் அவர் கையில் நாலு பூசணி விதையை வைத்தார். அவர் அதை வறுத்துத் தின்றுவிட்டார். ஒரு வாரம் அவரை வாசலில் நிறுத்தி, கதவைச் சாத்தி, திறந்து, மறுபடி சாத்தினார். அவர் கீலுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார்.

*

"இந்த வாரம் கொஞ்சம் அவசரம் குருவம்மா."

"என்ன அவசரம்?"

"அந்த வீட்டுக்கார அம்மா செய்தி அனுப்பியிருக்காங்க. வேற ஒரு குடும்பம் வீட்டைக் கேட்குதாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

"சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்றது?"

குருவம்மா கீரையைத் தட்டிவிட்டார்.

"செண்பகம் என்ன சொல்றாங்க?"

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது செண்பகம் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னது தாயுமானவன் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு பண்ணுங்க, இல்லைன்னா இனிமே இந்த வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டா."

"நியாயம்தானே. பத்து மாசம் ஆச்சு. பிள்ளையே பிறந்திருக்கும்."

"காய்ச்சல் வந்தா என்ன பண்றது? பாஷை தெரியாது. நமக்குத் தெரிஞ்ச டாக்டர்..."

"சார், பையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

அவர் எழுந்து மூலைக்குப் போனார். மூலையில் பை இல்லை. பை இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாகச் சுத்தமாக இருந்தது.

"பை எங்க குருவம்மா?"

"அனுப்பிட்டேன்."

"எங்க?"

"சவரிமுத்து குட்டியானை லோடு வண்டியில வாழை இலை ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போறான். அவன்கிட்ட கொடுத்துவிட்டேன்."

"டவுன்ல எங்க?"

"உங்க வீட்டுக்குத்தான்."

"பரஸ்தானம் வீட்டுக்குத் திரும்பக் கூடாதே! திரும்பினா பயணமே கிடையாதே!"

"நீங்கதான் போகலையே சார்."

"போகலைன்னு யார் சொன்னா?"

"போறேன்னு யார் சொன்னா?"

தாயுமானவன் வாசலுக்குப் போய் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"இப்பத்தான் கிளம்பினான்," என்றார் குருவம்மா, அடுத்த கொத்தை எடுத்தபடி. "நாலு மெஸ்ல இலை இறக்கிட்டுத்தான் போவான்."

தாயுமானவன் ஓடினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

*

போன் செய்து செண்பகத்திடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். குருவைப் பார்க்கப் போகும்போது செல்போன் கூடாது என்று அவரே தனக்கு ஒரு விதி போட்டுவைத்திருந்தார். வழியில் யாரிடமாவது வாங்கிப் பேசலாம். அதற்கு நம்பர் தெரிய வேண்டும். முப்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்திய மனைவியின் நம்பர் அவருக்கு மனப்பாடமாகத் தெரியாது.

ரோட்டில் பஸ் இல்லை. ஒரு அம்மா மொபெட்டில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு வந்தார். தாயுமானவன் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"அம்மா, ஒரு வண்டியைப் பிடிக்கணும்!"

"போலீஸா?"

"மின்வாரியம்."

"கரண்டு திருட்டா? ஏறுங்க, ஏறுங்க."

இரண்டு பக்கமும் கேன். காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கேன்மேலேயே வைத்துக்கொண்டார். அந்த அம்மா திருகின திருகில் மொபெட் கொள்ளிடம் பாலத்தில் சீறிக்கொண்டு ஏறியது. மூடியிலிருந்து பால் தெறித்து வேட்டியெல்லாம் நனைந்தது. கீழே ஆறு கரைகொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தட்டியது.

"பயமா இருக்கா?" என்று அந்த அம்மா கத்தினார்.

"ஆமா!"

"மெதுவாப் போகவா?"

"வேண்டாம்!"

சொல்லிவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டை இழக்கப் போகிற மாதிரி ஓடிவந்தவர் எதற்காகச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தார்.

*

ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ் வாசலில் இலைக்கட்டு ஈரம் காயாமல் கிடந்தது.

"சவரிமுத்துவா? இப்பத்தான் போறான்," என்றார் மெஸ்காரர். "பச்சைப் பையா? இலைக்கு மேல ராஜா மாதிரி உட்கார்ந்திருந்துச்சே."

மாம்பழச்சாலையில் பால்கார அம்மா வேறு பக்கம் திரும்ப வேண்டும். "கண்டிப்பாப் பிடிச்சிடுங்க, விடாதீங்க," என்று இறக்கிவிட்டார்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. தாயுமானவன் ஓரமாக ஓடினார். வெறுங்கால். வெயில் சுட்டது. பாலத்தின் நடுவில் குட்டியானை தெரிந்தது. இலைக்கட்டின் மேல் பச்சைப் பை.

"சவரிமுத்து! சவரிமுத்து!"

சவரிமுத்து கண்ணாடியில் பார்த்தான். குருவம்மா வீட்டில் வாரா வாரம் பார்க்கிற சார். மரியாதையாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினான். வழி கிடைத்தது. போய்விட்டான்.

தாயுமானவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

அந்தப் பை படி தாண்டிவிட்டால் சாயங்காலம் காபி குடிக்கும்போது இரண்டு பேரும் எதைப் பேசுவது? தொட்டியில் தண்ணீர் வந்ததா என்று கேட்கலாம். வந்தது என்று அவள் சொல்வாள். காபியைச் சூடாகக் குடித்து முடித்துவிடலாம். நினைக்கும்போதே அவருக்கு அழுகை வந்தது.

பின்னால் ஒரு டவுன் பஸ் ஊர்ந்து வந்தது. தாவிப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டார்.

"பெரியவரே, இந்த வயசுல இது தேவையா? மேல வாங்க," என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

"தேவைதான் தம்பி," என்றார் தாயுமானவன். மேலே போகவில்லை.

*

அவர் தெருமுனையில் திரும்பும்போது குட்டியானை எதிரே வந்தது.

"கொடுத்துட்டேன் சார்!" என்று சவரிமுத்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வாசலில் செண்பகம் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வலது கால் படியின்மேல் இருந்தது.

"செண்பகம்! வைக்காதே! உள்ள வைக்காதே!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செண்பகம் தன் கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். காலில் செருப்பில்லை. வேட்டியெல்லாம் பால். தலைமுடி நாலு திசைக்கும் நின்றது.

"என்னங்க இது கோலம்?"

"உள்ள... வைக்காதே."

"ஏன்?"

அவருக்கு மூச்சு இரைத்தது. செண்பகம் பையை இறக்கவும் இல்லை, காலை எடுக்கவும் இல்லை.

"கை வலிக்குது. சீக்கிரம் சொல்லுங்க. உள்ளேயா, வெளியேயா?"

"வெளியே," என்றார் தாயுமானவன்.

கிட்டே போய்ப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வீட்டைப் பூட்டிட்டு வா."

"இப்பவேயா?"

"இப்பவேதான். கையில எடுத்தாச்சு. இனிமே நம்ம வீட்டுல இது இறங்கக் கூடாது."

"விசா இல்ல. டிக்கெட் இல்ல."

"வர்ற வரைக்கும் ஜங்ஷன்ல ஒரு லாட்ஜ்ல தங்குவோம்."

"சொந்த ஊர்ல லாட்ஜா!"

"நான் தங்கினதே இல்ல. நீ தங்கியிருக்கியா?"

"இல்ல."

"அப்ப வா. அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு இப்பவே சொல்லிடுவோம்."

செண்பகம் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"ராகு காலங்க."

"இருக்கட்டும்."

செண்பகம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் இருந்தவர்களுக்கும் காரணம் தெரியாமலே சிரிப்பு வந்தது.

"நில்லுங்க. என் பையை எடுத்துட்டு வந்துடறேன்."

"நீ இனிமே அடுக்கி எப்பக் கிளம்புறது? பொழுது சாஞ்சிடும்."

அவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள். எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் தை மாசமே அடுக்கிக் கட்டிலுக்கு அடியில வச்சாச்சு."