தேரை மண்ணுக்குள் போனது

உயிர்கள் எல்லாம் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு மேட்டுக்காட்டு ஊரில் கிணறுகளின் அடியில் தேரைகள் குடியிருந்தன. பாறைக்குள் எந்த ஊற்றுக்கண் எங்கே இருக்கிறது என்று அவற்றுக்கு மட்டுமே தெரியும்.

அந்த ஊர் விவசாயி மாசாணம், கம்பு விளைந்த நிலத்தில் கரும்பு வைத்தான். இரண்டு வருடம் நல்ல விளைச்சல். மூன்றாம் வருடம் மழை தவறியது. கிணற்றில் தண்ணீர் கணுக்காலளவுக்கு இறங்கியது. கடப்பாரையோடு உள்ளே இறங்கிய மாசாணம், அங்கிருந்த தேரையிடம் கேட்டான்:

"கீழே தண்ணி இருக்கா?"

"இருக்கு. ஆனா அந்த ஊத்துக்கண்ணைத் திறந்தா அக்கம்பக்கத்துக் கிணத்துத் தண்ணியெல்லாம் இங்கே வந்துரும்."

"இந்த ஒரு வெள்ளாமைக்கு மட்டும். மகளைக் கட்டிக்கொடுக்கணும். அப்புறம் நானே அடைச்சிடறேன்." சொல்லும்போதே அவன் அழுதுவிட்டான்.

தேரைக்கு மனசு கேட்கவில்லை. இடத்தைக் காட்டியது. மாசாணம் குத்தினான், தண்ணீர் பீறிட்டு அவன் இடுப்பு வரை ஏறியது.

பத்தாம் நாள் பக்கத்துத் தோட்டத்து வேலம்மாள் வந்தாள். "அண்ணே, என் கிணறு வத்திப்போச்சு. காளை ரெண்டும் தாகத்துல கத்துது. அந்தக் கண்ணை அடைச்சிருங்க."

"அறுப்பு முடியட்டும், தங்கச்சி."

அறுப்பு முடிந்தது. அவன் அடைக்கவில்லை, மறுபடியும் கரும்பே நட்டான். வேலம்மாளின் காளைகள் அடிமாடாகப் போயின. மற்றவர்கள் அவனைவிட ஆழமாகத் தோண்டினார்கள். அவன் கிணறும் வற்றியது. பிறகு ஒருவரை ஒருவர் மிஞ்சித் தோண்டினார்கள். கடைசியில் எல்லாக் கிணற்றிலும் பாறைத்தூள்தான் பறந்தது. நிலங்கள் தரிசாயின. வாரச்சந்தை நின்றது. குடும்பம் குடும்பமாக உப்பளத்துக் கூலிக்குப் போனார்கள். கல்யாணமாகாத மகளோடு மாசாணமும் போனான்.

கடைசியாகக் கிளம்பிய வேலம்மாள், அவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். ஈரமில்லாத பாறையில், தோல் வெடித்துத் தேரை கிடந்தது.

"நீதானே காட்டினே? ஏன்?"

"அவன் அழுதான்."

"இப்ப ஊரே அழுதுட்டுப் போகுது. இன்னொரு இடம் காட்டு, பார்ப்போம்."

காட்ட எதுவும் இல்லை. அவள் போய்விட்டாள், காலடிச் சத்தமும் ஓய்ந்தது. தேரை பாறையோரத்து மண்ணைப் பறித்து உள்ளே போய்த் தன்னை மூடிக்கொண்டது.

தேரையின் தோல் சொரசொரத்துப் போனதும், அது மண்ணுக்குள் கிடந்து மழைக்கு மட்டும் வெளியே வருவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். கிணறு தோண்டுகிறவனுக்குத் தண்ணீர் இருக்கும் இடத்தைச் சொல்ல யாரும் இல்லாமல் போனதும் அன்றைக்குத்தான்.