பதினாறு வழி

"டீச்சர், எனக்க கிராபிக்ஸ் கார்டை யாரோ பாதியாக்கிட்டாங்க" என்று கம்ப்யூட்டர் பெட்டியோடு வந்து நின்றார் தேவசகாயம்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. நாகர்கோவிலில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷமீமாவுக்கு வயது அதில் பாதிதான். ஆனாலும் பெட்டியைத் திறந்து மூடக் கற்றுக்கொடுத்தவள் என்பதால், அவருக்கு அவள் டீச்சர்.

நடந்தது இதுதான். பழைய டிரைவ் நிரம்பிவிட்டது. புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி, மதர்போர்டில் காலியாகக் கிடந்த இடத்தில் அவரே செருகினார். ஜெனிலா என்ற பெண்ணின் கல்யாண வீடியோ முழுவதையும் அதில் ஏற்றினார். மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை மஸ்கட் போகிறார். அதற்குள் படம் கைக்கு வந்துவிட வேண்டும் என்று பெண் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

வேலை அதுபாட்டுக்கு நடந்திருக்கும். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான், கார்டைச் சோதித்துப் பார்க்கும் செயலியை அவருக்குக் காட்டிக்கொடுத்தான். பதினாறு என்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு என்று இருந்தது.

போயிற்று மனுஷனின் நிம்மதி. மூன்று நாளாக ஒரு காட்சிகூட வெட்டவில்லை.

ஷமீமா பொறுமையாக விளக்கினாள். கார்டு இருக்கும் பக்கம் தகவல் போய்வர மொத்தம் பதினாறு வழிதான். அந்தக் காலி இடத்தில் டிரைவைச் செருகினால் கார்டுக்கு எட்டு, டிரைவுக்கு நாலு.

"மீதி நாலு?"

"யாருக்கும் கிடையாது. போர்டு செஞ்சவங்க அப்படித்தான் பிரிச்சிருக்காங்க."

அதைக் கேட்டு அவருக்கு மனசே ஆறவில்லை. கார்டுக்குப் பதினாறும் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

"படம் எங்கயாவது திக்கி நின்னுச்சா?"

"நிக்கல. ஆனா எட்டுன்னு காட்டுதே."

ஷமீமா கம்ப்யூட்டரை நிறுத்தினாள். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மறுபடி இயக்கினாள்.

பதினாறு.

தேவசகாயத்தின் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

"இப்ப ஜெனிலா கல்யாணத்தை ஓட்டுங்க, அண்ணாச்சி."

ஓட்டினார். மணப்பெண் இல்லை, மாப்பிள்ளை இல்லை, பிரியாணிப் பந்திகூட இல்லை. படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்புக் கட்டம்.

அவர் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு வெட்கமும் சிரிப்புமாக அதை வாங்கி, கழற்றிய இடத்திலேயே செருகினார்.

படம் ஓடத் தொடங்கியது. ஷமீமா திரைக்கு முன்னால் குனிந்து, ஓரத்தில் இருந்த செயலியைப் பார்த்தாள்.

"எட்டுதான் காட்டுது, அண்ணாச்சி."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, டீச்சர். பொண்ணு கோயிலுக்குள்ள வர்றா."