நீலக் கரைத் தூளி

“மிஷின்லதான் கோளாறு, சாமி. உங்களைத் தாங்க மாட்டேங்குது.”

ஆவுடையப்பன் இதைத் தரையில் உட்கார்ந்தபடி சொன்னார். அவர் மடியில் குருநாதர் சொக்கலிங்க சாமி கிடந்தார்.

நோயாளியைத் தூக்குகிற மிஷின் அது. துணித் தூளியில் ஆளைப் படுக்க வைத்து, கொக்கியில் மாட்டி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். தூளி வாங்கிய நாளிலிருந்தே சாமி அதற்குள் மடங்கி மடங்கி இறங்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு முழுசாக நழுவிவிட்டார். ஆவுடையப்பன் பாய்ந்து ஏந்தியிருக்காவிட்டால் இடுப்பு எலும்பு போயிருக்கும்.

சாமிக்கு வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது. பேச்சும் குழறும். டவுனில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்று மடத்துக் கமிட்டி முடிவே செய்துவிட்டது. ஆவுடையப்பன்தான் குறுக்கே நின்றார்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை நர்ஸ் பிலோமினா வருவார். அவர் கண் முன்னால் சாமியைப் பத்திரமாகத் தூக்கி உட்கார வைத்துவிட்டால் சாமி மடத்திலேயே இருக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கே வண்டி வந்துவிடும்.

தலையே போனாலும் வண்டி வரக் கூடாது என்பது ஆவுடையப்பன் கட்சி.

சீடர் என்றதும் மீசை முளைக்காத பையனை நினைத்துக்கொள்ள வேண்டாம். குருவுக்கு மூன்று வயது மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் கப்பலாக இறக்கியிருக்கிறார், ஒரு மூட்டை சிந்தியது கிடையாது. அந்த மனுஷனுக்குத்தான் இந்தக் கதி.

வெள்ளிக்கிழமைக்குள் இதைவிடப் பெரிய தூளியாக வாங்கி வருகிறேன், மதுரையில் கிடைக்குமாம், விசாரித்துவிட்டேன் என்றார்.

சாமி தன்னைச் சுற்றிக் கிடந்த தூளியைப் பார்த்தார். நீலக் கரை போட்டது. கடையில் இருந்ததிலேயே பெரியது அதுதான். முதுகை அளந்து, அளவுக்கு ஒரு நிறக் கரை உண்டு, தகுந்த கரை பார்த்து வாங்குங்கள் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“அளந்தீராவே?”

யானை படுத்தாலும் குதிரை மட்டம், உங்களுக்கு எதுக்கு சாமி அளவு என்று மழுப்பினார் ஆவுடையப்பன்.

மழுப்பல் எதற்கென்று சாமிக்குத் தெரியும். அந்த மடத்தில் குருவின் உடம்பில் டேப் படுவது ஒரே ஒரு தடவைதான். சமாதிக் குழி வெட்டுவதற்கு முன்னால், உட்கார வைத்து அளப்பார்கள். முந்தின குருவை அளந்தது ஆவுடையப்பன் கைதான். அதற்குப் பிறகு அவர் டேப்பைத் தொட்டதே இல்லை.

எந்த அளவுக்கு எந்தக் கரை என்று நிறம் குறித்த டேப்பை நர்ஸ் விட்டுப்போயிருந்தார்; அது கட்டில் கம்பியில் தொங்கியது. எடும் என்று சாமி கண்ணைக் காட்டினார்.

வேறு என்ன சொன்னாலும் செய்கிறேன், அது மட்டும் என்னால் முடியாது என்றார் சீடர்.

சாமி இடக்கையை நீட்டித் தானே டேப்பை இழுத்தார். சீடரின் கைத்தாங்கலில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு நுனியைத் தோளில் வைத்து அழுத்திக்கொண்டார். மிச்சம் முதுகில் தொங்கியது. அதைப் பிடிக்க அவருக்கு இன்னொரு கை வழங்காது.

காத்திருந்தார்.

தூக்கிய கை கீழே சரியப் பார்த்தது. நெற்றி வியர்த்தது. கையை இறக்கிவிடுங்கள் என்று ஆவுடையப்பன் கெஞ்சிப் பார்த்தார்.

“நீரு பிடிக்கிற வரைக்கும் நான் இறக்கப் போறதில்ல.”

ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொங்கிய டேப்பைப் பிடித்து, முதுகை ஒட்டி வால் எலும்பு வரைக்கும் கொண்டுபோனார். விரலில் ஒவ்வொரு எலும்பாகத் தட்டுப்பட்டது.

கண்ணைத் திறந்து பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். அதே அளவுதான்.

“என்ன கரை?” என்று கேட்டார் சாமி.

“மஞ்சள்.”

“மஞ்சள் யாருக்கு?”

“ஒடிசலான ஆளுக்கு, சாமி.”

அதைச் சொன்னதும் ஆவுடையப்பனால் தாங்க முடியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சாமி தடுக்கவில்லை, அழுது முடிக்கட்டும் என்று விட்டார். பிறகு டேப்பைச் சீடரின் கையில் வைத்து மூடினார்.

“அப்போ இம்புட்டு நாளும் நீரு யாரைவே தூக்கிட்டு இருந்தீரு?”