தவசிக்கனி தாடியில் இரண்டு வரப்புகள்

நெடுவயலில் நிலம் அளக்கும் ஆட்கள் நான்கு பேர் இருந்தோம். அந்த நான்கு பேரில் ஒருவனே இதை எழுதுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற மூவருக்கும் எழுத வராது.

பிச்சாண்டி சங்கிலியின் முன்முனையைப் பிடிப்பான். ஆவுடை கொடிக்கம்பைப் பிடித்து நிற்பான். தவசிக்கனி எல்லைக் கல் நடுவான். நான் நோட்டில் எழுதுவேன். எங்களில் நான்தான் அறிவாளி என்று ஊரில் பேச்சு. காரணம், என் சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும். அதில் மை இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை.

தவசிக்கனிக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பக்கத்து ஊர் இசக்கியம்மாள். பால் சங்கத்தில் பாலின் தரம் பார்க்கிற வேலை. போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மறுநாள் பெண்ணின் அப்பா போனில் பேசினார். பெண்ணிடம் கேட்டாராம். அவள் சொன்னது இதுதான்:

"எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தாச்சுங்கிறீங்க. நான் தாடியைத்தான் பார்த்தேன். உள்ளே யார் இருக்கான்னு தெரியாம எப்படிப்பா சரி சொல்றது?"

வருகிற வெள்ளிக்கிழமை தாடியை எடுத்துவிட்டு வந்தால் பதில் சொல்வாளாம். ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு வரன் வருகிறதாம்.

தவசிக்கனி திண்டாடிப் போனான். ஆசைக்காக அவன் தாடி வைக்கவில்லை. அவனுடைய தோல் அப்படி. கத்தி பட்டால் கன்னமெல்லாம் எரியும், கேழ்வரகைத் தூவியது போலச் செம்புள்ளி கிளம்பும். கடைசியாக அவன் சவரம் செய்துகொண்டது பதினோரு வருடங்களுக்கு முன்னால். அன்று சாயங்காலம் அம்மை போட்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டார் அவன் வாசலில் வேப்பிலை செருகிவிட்டுப் போனார்கள். நாங்களும் மூன்று நாள் இளநீர் வாங்கிக் கொடுத்தோம். அதிலிருந்து தாடிதான்.

"இசக்கியம்மாளை விட்டுட்டா எனக்கு வேற பொண்ணு வேண்டாம் மச்சான்" என்று என்னிடம் சொன்னான். ஆகவே நாங்கள் களத்தில் இறங்கினோம்.

டவுனில் சவரச் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு ஒருமுறை வீட்டுமனை அளந்து கொடுத்திருக்கிறோம். அளந்ததில் அவருடைய மனை பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. இருந்தாலும் நல்ல மனிதர், உள்ளே கூப்பிட்டார். எரியும் தோலுக்கு ஒற்றை பிளேடு போடுகிற சேஃப்டி ரேஸர்தான் நல்லது என்றார். உயர்ந்த ரகத்தில் மூன்றை மேஜைமேல் வைத்தார்.

ஒன்று பித்தளை. கையில் எடுத்தால் தராசுப் படிக்கல் போலக் கனத்தது. இன்னொன்றின் கழுத்தில் ஒன்று முதல் ஆறு வரை எண்கள் இருந்தன. திருகினால் பிளேடு வெளியே தெரிவது கூடும், குறையும். மூன்றாவதின் தலை, அடியில் திருகினால் அலமாரிக் கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறந்தது. ஆவுடை அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னான்.

இதில் எது சிறந்தது என்று கேட்டோம். ஒவ்வொரு தோலுக்கு ஒவ்வொன்று ஒத்துக்கொள்ளும், போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். மூன்றையும் இரவலாகக் கொடுத்தார். கொடுக்கும்போது நான்கு விஷயம் சொன்னார். ரேஸரை அழுத்தக் கூடாது, அதன் கனமே வேலையைப் பார்த்துக்கொள்ளும். முடி போகிற திசையிலேயே போக வேண்டும். எண் போட்டதைக் குறைந்த எண்ணில் வைக்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் சோதிக்கலாம், ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்றோடு கலக்கக் கூடாது. எல்லாவற்றையும் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதனால்தான் ஒன்றுமே தவறவில்லை.

செவ்வாய்க்கிழமை பித்தளை ரேஸரோடு ஆரம்பித்தோம். தவசிக்கனியைப் பெஞ்சில் படுக்க வைத்து, சோப்பு நுரை தடவி, கன்னத்தில் ரேஸரை மெதுவாக வைத்துவிட்டு எல்லோரும் கையை எடுத்துவிட்டோம். கனம் வேலையைப் பார்க்கட்டும் என்று டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது தவசிக்கனி தூங்கிக்கொண்டிருந்தான். நுரை காய்ந்திருந்தது. ரேஸர் வைத்த இடத்திலேயே இருந்தது.

"வேலையை ஆரம்பிக்கலை போலிருக்கே" என்றான் ஆவுடை.

"புது இடம்லா. பழக வேண்டாமா?" என்றான் பிச்சாண்டி. "நாம பக்கத்துல நின்னா அதுக்குக் கூச்சமா இருக்கும்."

அதனால் இன்னொரு டீ குடித்தோம். அதற்கும் பலன் இல்லாததால் கடைக்காரருக்குப் போன் போட்டோம். நடந்ததை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, கையில் பிடித்து இழுக்க வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நோட்டில் திருத்தி எழுதினேன்.

புதன்கிழமை திசை பார்க்கிற வேலை. திசைகாட்டியை எடுத்து அவன் தாடையருகில் பிடித்தோம். இடது கன்னத்து முடி தென்கிழக்காகப் போனது. நான் அதை எழுதி முடிப்பதற்குள் தெருவில் யாரோ கூப்பிட, தவசிக்கனி திரும்பினான். முடி தென்மேற்காகிவிட்டது. இரண்டாம் முறை அளந்தபோது தும்மினான். அப்போது முடி எந்தப் பக்கம் போனது என்பதில் எங்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கடைசியில் அவனை வடக்கு பார்த்து உட்கார வைத்து, ஆடக் கூடாது என்று ஆவுடை தலையைப் பிடித்துக்கொண்டான். கழுத்துக்குக் கீழே முடி மேல்நோக்கி வளர்ந்திருந்தது. வானத்தை நோக்கிப் போகிற திசைக்கு எங்கள் திசைகாட்டியில் எழுத்து இல்லை. "மேலே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை எண் போட்ட ரேஸரையும் ஒரு கை பார்த்தோம். குறைந்த எண் ஒன்று. ஒன்றைவிடக் குறைந்தால் இன்னும் நல்லதுதானே என்று ஆவுடை பிளேடையே கழற்றிவிட்டான். அப்படி இழுத்ததில் தவசிக்கனிக்குக் கொஞ்சம்கூட எரிச்சல் இல்லை. இதுதான் சிறந்தது என்று முடிவெடுத்து ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டோம். தாடி அப்படியே இருப்பதைத் தவசிக்கனிதான் கண்ணாடியில் பார்த்துச் சொன்னான். அவனுக்கு எப்போதுமே குறை சொல்கிற பழக்கம் உண்டு.

வியாழக்கிழமை காலை உண்மையான சோதனை. மூன்று ரேஸருக்கும் முகத்தைப் பாகம் பிரிக்க வேண்டும். முதலில் எங்கள் சங்கிலியைப் போட்டுப் பார்த்தோம். இருபது மீட்டர் சங்கிலி. முகத்துக்குப் போக மீதி தெருமுனை வரைக்கும் கிடந்தது. ஆகவே நூல் பிடித்து அளந்தோம். வலது கன்னம் பித்தளைக்கு. இடது கன்னம் கதவு வைத்ததற்கு. மோவாய் எண் போட்டதற்கு, இந்த முறை பிளேடோடு. மோவாயின் பரப்பு குறைவாக இருந்ததால், யாருக்கும் நஷ்டம் வராதபடி அதற்குக் கழுத்தில் கொஞ்சம் ஒதுக்கினோம். மீசை புறம்போக்கு என்று விட்டுவிட்டோம்.

ஒன்றின் வேலை இன்னொன்றோடு கலக்கக் கூடாதல்லவா. அதற்கு என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு வயலுக்கு நடுவில் என்ன இருக்குமோ அதை விட்டோம். வாயின் இரண்டு ஓரத்திலிருந்தும் தாடை வரைக்கும் விரல் அகலத்துக்கு ஒவ்வொரு வரப்பு. மற்ற இடமெல்லாம் வெந்நீர், நுரை, மூன்று ரேஸர், பிறகு குளிர்ந்த தண்ணீர், படிகாரம். முகம் வெளியே வந்தது. பதினோரு வருடம் வெயில் படாத முகம், உரித்த முட்டை மாதிரி இருந்தது. நடுவில் இரண்டு கறுப்பு வரப்புகள்.

இருபத்துநான்கு மணி நேரம் காத்திருந்து வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தோம். வலது கன்னத்தில் ஒரு புள்ளி இல்லை. இடது கன்னத்தில் ஒரு புள்ளி இல்லை. மோவாயிலும் இல்லை. பெரிய பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். எங்களுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"மூணும் ஜெயிச்சா, எதுதான் ஜெயிச்சது?" என்றான் பிச்சாண்டி.

எரியவில்லை, அதுதானே வேண்டும், வரப்பையும் எடுத்துவிடுங்கள், பத்து மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றான் தவசிக்கனி. அது அவ்வளவு எளிதா? வரப்பு இரண்டு பக்கத்துக்கும் பொது. பித்தளையைக் கொண்டு வெட்டினால், எண் போட்டதன் பங்கில் பித்தளை புகுந்ததாகும். இந்த மாதிரி ஒரு வரப்புக்காக எங்கள் ஊரில் அண்ணன் தம்பி ஒன்பது வருடமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். இதை எல்லாம் எடுத்துச் சொன்னோம். தவசிக்கனிக்குக் கோபம் வந்துவிட்டது.

"முகம் என்னோடது. நான் சொல்றேன், எடுங்கலே."

ஆவுடை அவன் தோளில் கைபோட்டு ஆறுதலாகச் சொன்னான்: "நீ நிலம்ப்பா. நிலம் எங்கேயாவது பேசுமா?"

வாதம் முடிவதற்குள் பஸ் வந்துவிட்டது. தவசிக்கனி துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு ஏறினான். மூன்று ரேஸரையும் எடுத்துக்கொண்டு நாங்கள் பின்னால் ஏறினோம்.

பெண் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கியம்மாள் வந்து எதிரில் நின்றாள். தவசிக்கனி துண்டை எடுத்தான். பெண்ணின் அப்பாவுக்குக் காபி புரையேறியது. அவள் மட்டும் பால் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

"இந்தக் கோடு என்னது?"

"வரப்பும்மா" என்றான் பிச்சாண்டி.

நான் நோட்டைத் திறந்து முதலிலிருந்து விளக்கினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நாங்கள் சொல்வதை இவ்வளவு நேரம் கேட்ட ஆளை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. முடித்ததும் அவள் கேட்டாள்: மூன்றும் சமம் என்றால், மூன்றையும் கொண்டு சமமாக எடுத்துவிட வேண்டியதுதானே?

காலையிலிருந்து எங்களுக்குத் தோன்றாத யோசனை. உடனே கிணற்றடியில் முக்காலி போட்டு அவனை உட்கார வைத்தோம். கண்ணாடியை அவளே பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வரப்பையும் மூன்று சம பங்காகப் பிரித்து மூன்று ரேஸராலும் எடுத்தோம். பங்குக்கும் பங்குக்கும் நடுவில், கலந்துவிடாமல் இருக்க, சின்ன வரப்பு விட்டோம்.

இப்போது சின்ன வரப்புகள் நான்கு நின்றன. நியாயமாக அவற்றையும் மூன்று மூன்றாகப் பிரித்தோம். அவற்றுக்கு நடுவில் இன்னும் சின்ன வரப்புகள். பன்னிரண்டு மணிக்குத் தவசிக்கனி முகத்தில் எறும்பு ஊர்வது போல வரிசையாகப் புள்ளிகள் இருந்தன. பெண்ணின் அப்பா சாப்பிட்டுவிட்டு வந்தார். தவசிக்கனிக்குப் பசித்ததாகத் தெரியவில்லை. அவள் கையிலிருந்த கண்ணாடியைப் பார்க்காமல் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நாங்கள்தான் வேர்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணிக்கு வலது ஓரத்தில் ஒரே ஒரு முடி மிச்சம் இருந்தது. ஒரு முடியை மூன்று பங்காகப் பிரிப்பது எப்படி என்பதில் எங்களுக்குள் பேச்சு எழுந்தது. நீளத்தில் பிரிக்கலாம் என்றான் பிச்சாண்டி. நீளத்தில் பிரித்தால் வேரை எடுத்தவனுக்குத்தான் லாபம் என்றான் ஆவுடை. நான் ஸ்கேலைத் தேடினேன்.

இசக்கியம்மாள் கண்ணாடியைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். இரண்டு விரலால் அந்த முடியைப் பிடித்தாள். சுண்டி இழுத்தாள்.

முடி வந்துவிட்டது.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். சிவப்பு இல்லை. எரிகிறதா என்று கேட்டோம். தவசிக்கனி இல்லை என்று தலையாட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அது வேறு தண்ணீர் என்று எனக்கே தெரிந்தது.

"முகம் தெரிஞ்சிருச்சுப்பா" என்றாள் அவள், அப்பாவைப் பார்த்து. "நல்லாத்தான் இருக்கு. சரின்னு சொல்லிருங்க. இவங்க மூணு பேரும் கல்யாணத்துக்குச் சாப்பிட மட்டும் வந்தா போதும். வேற எதையும் தொட வேண்டாம்."

அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினோம்.

எங்கள் சோதனையின் முடிவுக்காக ஊரில் பலர் காத்திருந்தார்கள். சவரம் செய்தால் எரிகிற தோல் தவசிக்கனிக்கு மட்டுமா இருக்கிறது? ஆகவே பால் சங்கத்து வேன் வந்து நிற்கிற இடத்தில் ஒரு போர்டு வைத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். மூன்று ரேஸரும் சமம் என்றும், நாங்கள் சோதித்த நான்கில் மிகச் சிறந்தது இசக்கியம்மாளின் வலது கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்றும், பிளேடு தேவையில்லை, எரிச்சல் அறவே இல்லை என்றும் எழுதினேன். கீழே அவள் வீட்டு விலாசம். எதிலும் ஒழுங்கு வேண்டும் என்பதால், "வரிசையில் வரவும்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

திங்கட்கிழமை காலை பெண்ணின் அப்பா போன் செய்து, உடனே வரச் சொன்னார். போனேன். அவர் வீட்டு வாசலிலிருந்து பால் சங்கம் வரைக்கும் தாடிக்காரர்கள் பதினாறு பேர் நின்றார்கள். பதினேழாவதாக, மூன்று நாள் முளையோடு தவசிக்கனி நின்றான்.

நீ மாப்பிள்ளை, நேராக உள்ளே போக வேண்டியதுதானே என்றேன்.

"சும்மா இரு மச்சான்" என்றான் மெதுவாக. "வரிசையில வரச் சொல்லி போர்டுல போட்டிருக்கு. எழுதினது யாருன்னு தெரியலை, ஆனா விவரமான ஆளு."